எந்த மொழியில்?

போன மாதம் அக்காவின் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். "சித்தி, நீங்கள் செய்த அந்த முன்பள்ளி டிப்ளோமாவை நானும் செய்யட்டோ? அதில என்ன படிப்பிப்பினம்?" அவ்வளவுதான். பதில் அனுப்ப எனக்கு மூன்று நாள் பிடித்தது. முதல் நாள் பாடங்களின் பெயரை எல்லாம் வரிசையாகத் தட்டினேன், அழித்தேன். இரண்டாம் நாள் "செய், நல்லது" என்று தட்டினேன், அதையும் அழித்தேன். அவளுடைய கேள்வியில் பிழை இல்லை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு அம்மாவைச் சந்தித்திருந்தேன். அவரை நினைத்துக்கொண்டு அந்தப் படிப்பைப் பற்றி ஒரு வரியும் ஒழுங்காக எழுத முடியவில்லை.

நான் அந்தப் பாடநெறியில் சேர்ந்தபோது எனக்கு 43 வயது. பதினெட்டு வருடம் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் இருந்தவள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பம்பலப்பிட்டியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வகுப்பு. மற்றவர்கள் எல்லாரும் என் மகளின் வயது, என்னை "அன்ரி" என்றுதான் கூப்பிட்டார்கள். "சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறதுக்கு என்னத்துக்கு டிப்ளோமா, நீர் ரெண்டு பிள்ளை வளர்த்தனீர்தானே" என்று வீட்டுக்காரரின் அண்ணர் கேட்டார். எனக்கும் உள்ளுக்குள் அந்த எண்ணம் இருந்தது. வளர்த்தவளுக்கு என்ன புதிதாகச் சொல்லப்போகிறார்கள் என்றுதான் போனேன்.

புதிதாக நிறையவே இருந்தது. 1837இல் ஃப்ரோபெல் ஜேர்மனியில் தொடங்கிய பிள்ளைகள் பள்ளி, பிள்ளைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த பியாஜே, வைகோட்ஸ்கி எல்லாம் வந்து போனார்கள். இரவிரவாகப் படம் வரைந்து அல்பம் செய்தோம். எனக்குப் பிடித்தது, மரியா மொண்டிசோரி என்ற இத்தாலிய மருத்துவர் சின்னப் பிள்ளைகளுக்கென்று உருவாக்கிய பிங்க் டவர். பத்துக் கனக்குற்றிகள், சின்னது ஒரு பக்கம் 1 சென்ரிமீற்றர், பெரியது 10. சின்னது ஆயிரத்தைச் சேர்த்தால்தான் பெரியது ஒன்று. இது ஒன்றையும் சொல்லாமல் ஒரு மூன்று வயதுப் பிள்ளை அந்தப் பாரத்தைக் கையில் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. இத்தனை வருடம் எண்களோடு கிடந்த எனக்கு ஆயிரம் என்றால் எவ்வளவு என்று கை சொன்னது அன்றைக்குத்தான்.

இன்னொன்று, அரத்தாள் எழுத்துகள். பிள்ளை விரலால் தடவித் தடவி எழுத்தின் வடிவத்தைப் பழகும் அட்டைகள். பெட்டியில் இருந்தது ஆங்கிலம் இருபத்தாறும் மட்டும். தமிழுக்கு நாங்களே வெட்ட வேண்டும் என்றார் விரிவுரையாளர். 247 அட்டையா என்று பிள்ளைகள் அலறினார்கள். இல்லை, உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, பிறகு குறிகளைத் தனியாக. சரி என்று வெட்டத் தொடங்கினால் "கொ" வந்து மறித்தது. வாய் முதலில் சொல்வது க், கை முதலில் எழுதுவது கொம்பு. காதுக்கு ஒரு வரிசை, கைக்கு ஒரு வரிசை. எங்கள் ஏடு தொடக்கலில் அரிசியில் "அ" எழுதுவித்துவிட்டு இதையெல்லாம் பிள்ளை எப்படியோ பிடித்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். அதுவும் எப்படியோ பிடித்துவிடுகிறது, அது வேறு கதை.

ஒழுங்கையில் இருந்த பள்ளி

செயன்முறைப் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கையில் இருந்த பள்ளி. பெயரைச் சொல்லப்போவதில்லை. ரயில் போகும்போதெல்லாம் பிள்ளைகள் கேற்றுக்கு ஓடுவார்கள். பெயர்ப்பலகையில் மொண்டிசோரி என்றும் ஆங்கில மொழிமூலம் என்றும் பெரிதாக இருந்தது. கொழும்பில் இந்த இரண்டும் ஒரே சொல் மாதிரி ஆகிவிட்டது. அரசாங்கப் பள்ளிக்கூடம் முதலாம் வகுப்பில்தான் தொடங்குகிறது, அதற்கு முந்திய இரண்டு மூன்று வருடத்தைப் பெரும்பாலும் பெற்றோர் தங்கள் காசில்தான் வாங்க வேண்டும், வாங்குகிறவர்கள் ஆங்கிலம் கேட்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை, என் மகளுக்கு நானும் அதையேதான் கேட்டு வாங்கினேன். வேடிக்கை என்னவென்றால், மரியா மொண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, யுத்தத்தால் திரும்பிப் போக முடியாமல் வருடக்கணக்காக இந்தியாவில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றியபோது, 1944இல் இலங்கைக்கும் வந்து போனபோது, அவர் விரிவுரை செய்தது இத்தாலிய மொழியில். மகன் மாரியோ பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்லுவார். இப்போது அந்த அம்மாவின் பெயரைப் போட்ட வகுப்பில், உள்ளே வந்தால் ஆங்கிலம் மட்டும் என்பது சட்டம்.

பதினெட்டுப் பிள்ளைகள். பாதிக்கு மேல் வீட்டில் தமிழ் கதைக்கிறவர்கள், அதில் முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு. மூன்று சிங்களப் பிள்ளைகள். ஆயா சிங்களம் மட்டும். அந்தக் கூட்டத்தில் ஒரு பையன், மூன்று வயதும் நாலு மாதமும். அவனை இங்கே தம்பி என்றே எழுதுகிறேன். தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அவனைக் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப் போவது சாவகச்சேரியில் இருந்து பேரனைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்த அப்பம்மா.

எங்களுக்குத் தந்த ஒப்படை, ஒரு பிள்ளையை மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம் அவதானித்து எழுதுவது. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும் என்று விரிவுரையாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "'வெட்கப்படுகிறான்' எண்டு எழுதாதேங்கோ. வெட்கத்தை நீங்கள் காணேல்லை. தலையைக் குனிஞ்சதைத்தான் கண்டனீங்கள்." கணக்குப் பிரிவில் பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதம் எழுதாதவள் நான். இது எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று நினைத்தேன்.

நான் எடுத்தது தம்பியை. காரணம் எளிது, அவன் வாயே திறப்பதில்லை. மூன்று நாளும் எழுதினேன். வட்டத்தில் இருக்கும்போது பாடவில்லை. பெயர் கேட்டால் பார்த்துக்கொண்டு நிற்கிறான். மற்றப் பிள்ளைகள் குற்றி அடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறான், கை போடுவதில்லை. இரண்டாம் நாள் ஆயாவின் சட்டையைப் பிடித்து ஏதோ சொன்னான், ஆயாவுக்கு விளங்கவில்லை, கொஞ்ச நேரத்தில் காற்சட்டை நனைந்தது. கடைசிப் பக்கத்தில், முடிவு என்று கோடிட்டு எழுதினேன்: "பேச்சு வளர்ச்சியில் தாமதம் இருக்கலாம். மலசலகூடப் பழக்கமும் இன்னும் சரிவரவில்லை." நல்ல கையெழுத்தில் எழுதி, பொலித்தீன் கவர் போட்டுக் கொடுத்தேன்.

அதே கிழமை தாய் ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போக வந்தார். கேற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "மிஸ், எங்கட ஆள் இங்க கதைக்கிறவனோ? வீட்டில அப்பம்மாவோட கொஞ்சம் கதைக்கிறான், எங்களோட குறைவு." இந்த வசனத்தை இப்போது எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது, என் மேல்தான். அவர் விடையைக் கையில் கொண்டுவந்து தந்தார். வீட்டில் அப்பம்மாவோடு கதைக்கிறான் என்றார். நான் அதைக் கேட்கவில்லை. பயிற்சி ஆசிரியை என்ற நினைப்பில், தெரிந்தவள் மாதிரித் தலையாட்டிவிட்டுச் சொன்னேன்: "அவனுக்கு மொழி குழம்புது எண்டு நினைக்கிறன். வீட்டிலயும் ஒரு மொழியிலயே கதைச்சுப் பாருங்கோ. இங்க இங்கிலீஷ்தானே."

இப்படிச் சொல்ல எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. எங்கள் பாடத்தில் அது இல்லை. எங்கேயோ கேட்டது, எல்லாரும் சொல்வது, கொழும்பில் தமிழ்த் தாய்மார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. இரண்டு மொழி பிள்ளையின் மூளையைக் குழப்பும் என்று ஒரு காலத்தில் படித்தவர்களே எழுதிவைத்தார்கள். 1962இல் மொன்றியலில் பீல், லாம்பர்ட் என்ற இருவர் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்து, இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர்கள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிட மேலாகவே செய்வதைக் காட்டிய பிறகு படித்தவர்கள் மெல்லக் கைவிட்டார்கள். கேற்றடியில் நிற்கிற என்னைப் போன்றவர்கள் கைவிடவில்லை.

சிவப்புப் பேனை

மூன்று கிழமை கழித்து ஒப்படை திரும்பி வந்தது. அவதானிப்புப் பக்கங்களில் எல்லாம் சரி போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் "பேச்சு வளர்ச்சியில் தாமதம்" என்ற இடத்தை வட்டமிட்டு, பக்கத்தில் இரண்டே சொல்: "எந்த மொழியில்?" இரண்டாம் நாள் ஆயாவின் சட்டையைப் பிடித்துச் சொன்ன இடத்துக்கும் ஒரு வட்டம். "என்ன சொன்னான்?"

நான் அப்போதுதான் யோசித்தேன். என்ன சொன்னான்? நான் தூரத்தில் இருந்தேன், காதில் விழுந்ததுதான், ஆனால் பொருட்டாக எடுத்து எழுதவில்லை. "ஒண்டுக்கு வருது" என்று சொன்னான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை வேறென்ன சொல்லும்? ஆயாவுக்குத் தமிழ் தெரியாது. சொல்லத் தெரிந்த பிள்ளை, சொல்ல வேண்டிய நேரத்தில், சொல்ல வேண்டிய ஆளிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறான். நான் அவனுக்குப் பழக்கம் சரிவரவில்லை என்று எழுதி, பொலித்தீன் கவரும் போட்டிருக்கிறேன்.

அந்த வாரம் விரிவுரையாளரின் பழைய நோட்சுகளை வாங்கிப் படித்தேன். பட்டன் டேபர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், வேற்று மொழி வகுப்புக்குள் வந்து விழும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்து நாலு படி சொல்கிறார். முதலில் வீட்டு மொழியையே கதைத்துப் பார்க்கும். அது எடுபடாது என்று தெரிந்ததும் மௌனமாகிவிடும், சிலது சில கிழமை, சிலது மாதக்கணக்கில். அந்த நேரம் சும்மா இருப்பதில்லை, பக்கத்தில் நின்று பார்த்துச் சேர்த்துக்கொண்டிருக்கும். பிறகு ஒற்றைச் சொல்லும் பாடமாக்கிய துண்டுகளும். பிறகு சொந்த வசனம். முதற்படியும் இரண்டாம் படியும் என் கொப்பியிலேயே, என் கையெழுத்திலேயே இருந்தன. பேச்சில் உண்மையிலேயே சந்தேகம் என்றால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும், சொற்களை எண்ணும்போது எல்லா மொழியிலும் சேர்த்து எண்ண வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை.

காதைப் பற்றிய சந்தேகம் அடுத்த வெள்ளிக்கிழமை போயிற்று. மௌன விளையாட்டு என்று ஒன்று உண்டு. மொண்டிசோரி ரோமில் நடத்திய முதல் வகுப்புக்கு ஒரு நாள் நாலு மாதக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், இது எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள், உங்களால் முடியுமா என்று கேட்டதில் பிறந்தது. பிள்ளைகள் அசையாமல் கண்ணை மூடி இருக்க, ஆசிரியை கதவுக்கு அப்பால் நின்று ஒவ்வொரு பெயராகக் குசுகுசுப்பார். பெயர் கேட்ட பிள்ளை சத்தமில்லாமல் எழும்பி வர வேண்டும். அன்றைக்கு நான் கதவுக்குப் பின்னால் நின்று தம்பியின் பெயரை வெறும் மூச்சுக்காற்றாகச் சொன்னேன். ரயிலும் போய்க்கொண்டிருந்தது. முன்னங்காலில் நடந்து வந்து என் முன்னால் நின்றான்.

சீ.ஆர். கொப்பி

அதற்கு அடுத்த திங்கள் அப்பம்மா வழக்கத்தைவிடக் கால் மணித்தியாலம் முந்தி வந்தார். வெள்ளைப் பருத்திச் சேலை, கையில் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. நான் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வந்திருக்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. "பிள்ளை, ஒரு உதவி. இதுக்கெல்லாம் இங்கிலீசில என்ன எண்டு எழுதித் தாறீங்களோ? தமிழெழுத்தில எழுதுங்கோ, நான் வாசிப்பன்."

கொப்பியைத் திறந்தேன். இடது பக்கத்தில் பழைய காலத்துச் சரிவெழுத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியிருந்தார். வா. சாப்பிடு. ஆவெண்டு. கை கழுவு. மெதுவா. விழுந்திடுவாய். சூடு, ஊதிக் குடி. நித்திரை வருதோ? அப்பம்மாட்ட வா. நோகுதோ? வலது பக்கம் வெறுமையாகக் கோடு போட்டு விட்டிருந்தது. "மருமகள் சொன்னவ, மிஸ் சொன்னவவாம் தமிழ் கதைக்க வேண்டாமெண்டு. நான் ஒரு மாசமா வாய் திறக்கேல்லை பிள்ளை. கையைக் காட்டித்தான் சாப்பாடு தீத்துறன். என்னால அவன்ர பேச்சுக் கெட்டுப்போச்சு எண்டு இருக்கக் கூடாதுதானே." குற்றஞ்சாட்டும் தொனி துளியும் இல்லை. அந்த மிஸ் நான்தான் என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அப்படி இருந்தும் என்னிடமே வந்தார், டொக்டர் சொன்ன பத்தியத்துக்கு விளக்கம் கேட்க வருகிறவர் மாதிரி.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். கொப்பியை மூடி, அம்மா, நான் சொன்னது பிழை, வீட்டுக்குப் போய் அவனோடு வாயோயாமல் கதையுங்கோ என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தாயிடம் முதலில் சொல்லாமல் மாமியாரிடம் சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்று ஒரு நியாயம் தேடிக்கொண்டேன். அதைவிட, பேனையைக் கையில் தந்துவிட்டார், எழுதத் தொடங்கிவிட்டேன். கம். ஈட். ஓப்பன் யுவர் மவுத். வோஷ் யுவர் ஹான்ட்ஸ். ஸ்லோலி. அவர் ஒவ்வொன்றையும் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தார். "ஊதிக் குடி" என்ற இடத்தில் தடுமாறினேன். பட்டியலின் கடைசி வரி "என்ர குஞ்சு". அதற்கு நேரே பேனையை வைத்துக்கொண்டு கன நேரம் இருந்தேன். டார்லிங் என்று எழுதலாம். எழுதவில்லை. "இது அப்படியே இருக்கட்டும் அம்மா" என்றேன். "அப்ப இதைச் சொல்லலாமோ?" என்று கேட்டார்.

அன்று பின்னேரம் தாய்க்குத் தொலைபேசி எடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். படித்ததை எல்லாம் சொன்னேன். வீட்டு மொழி பலமாக இருந்தால்தான் இரண்டாவது மொழி அதன் மேல் நிற்கும், அவன் அப்பம்மாவோடு கதைக்கிற தமிழ்தான் அவனிடம் இருக்கிற முழுப் பேச்சு என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இல்லை மிஸ், நீங்கள் முதல் சொன்னதுதான் சரி. இந்தக் கிழமை அவன் 'வோட்டர்' எண்டான், 'நோ' எண்டான், நேற்று 'மை கார்' எண்டான். பலன் தெரியுது."

பலன் தெரிந்தது உண்மை. மூன்றாம் படி வந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலும் அதே கிழமையோ அடுத்த கிழமையோ வந்திருக்கும். ஆனால் நடக்காத ஒன்றை எப்படிக் காட்டுவது? பிழையான மருந்தைக் கொடுத்து, காய்ச்சல் தானாக இறங்கி, மருந்துக்குப் பேர் வந்த கதை. அடுத்த தவணை அவர்கள் பிள்ளையை இன்னொரு பள்ளிக்கு மாற்றினார்கள், முழுக்க ஆங்கிலச் சூழல் இருக்கிற இடமாம். போகும்போது எனக்கு ஒரு கேக் பெட்டி தந்துவிட்டுப் போனார்கள், நன்றிக்கு.

அக்காவின் மகளுக்குக் கடைசியில் பதில் போட்டேன். செய், ஆனால் கடைசி வருடப் பயிற்சி நல்ல பள்ளியாகப் பார்த்து எடு, நாவலத் திறந்த பல்கலைக்கழகத்திலும் முன்பள்ளிக் கல்விக்குச் சான்றிதழ் படிப்பு உண்டு, அதையும் போய் விசாரி, சேர்ந்தவுடன் ஒரு நல்ல கொப்பி வாங்கு என்று. என்ன படிப்பிப்பார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை.

சந்தையில் நடந்தது இதுதான். அப்பம்மா முருங்கைக்காய் தெரிவுசெய்துகொண்டிருந்தார், பக்கத்தில் தம்பி. நல்லாக வளர்ந்துவிட்டான், முதலாம் வகுப்பாக இருக்க வேண்டும். என்னை அவனுக்கு ஞாபகம் இல்லை. அவருக்கு உடனே தெரிந்தது. "குட் மோர்னிங் மிஸ்" என்றார், சுத்தமாக. நான் தமிழில் சுகம் விசாரித்தேன், அவர் கால்மூட்டு நோவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி அவர் சேலையை இழுத்து, "கேன் வீ கோ ஹோம் நவ்? மை லெக்ஸ் ஆர் சோ டயர்ட்" என்று ஒரே மூச்சில் சொன்னான். அவ்வளவு வேகமாக வந்தது கொப்பியில் இல்லாதது. அவர் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கால் களைச்சுப்போச்சாம் அம்மா, வீட்ட போவமாம்" என்றேன்.

முருங்கைக்காயை வைத்துவிட்டுக் குனிந்தார். "கால் நோகுதோ என்ர குஞ்சு?"

"ம்" என்றான்.